வெள்ளையடித்த மேகம்

பெட்டியக்காவுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அதை யாரும் கண்டதில்லை. பள்ளி பள்ளியாகப் போய், பாட்டும் படமும் நாடகமுமாகப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குக் கைகொடுப்பது அவள் வேலை. கையில் எப்போதும் ஒரு தகரப் பெட்டி இருக்கும். அதற்குள் சாயம், தூரிகைகள், பழந்துணி, ஒரு சின்ன மேளம். இந்த வேலைக்கு முன்னால் பதினோரு வருடம் ஒரு நாடகக் குழுவில் திரை தீட்டினாள். அவள் தீட்டிய கடலைப் பார்த்து முன்வரிசைக்காரர்கள் காலைத் தூக்கிக்கொண்டார்களாம். அவளே சொன்னது, பாதியை நம்பினால் போதும்.

அவளிடம் இருந்தது ஒரே ஒரு சட்டம். பிள்ளைகளின் வேலையில் பெரியவர்கள் கை படக் கூடாது. பெட்டி மூடியின் உட்புறத்தில் அதை எழுதியே வைத்திருந்தாள். எந்த ஆசிரியராவது ஒரு குழந்தையின் கோணல் வட்டத்தைத் திருத்தப் போனால், "கையை எடுங்க டீச்சர்!" என்று பாய்ந்து வருவாள். வீட்டிலோ, கணவர் கழுவி வைத்த தட்டை மறுபடி கழுவுவாள். "ஊருக்குத்தான் உபதேசமா?" என்பார் அந்த மனுஷன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். மூன்றாம் வகுப்பு டீச்சரை வழிக்குக் கொண்டுவர அவளுக்கு ஏழு மாதம் ஆயிற்று. "எனக்குப் பாடவும் வராது, ஆடவும் வராது. புத்தகத்தைக் குடுங்க, கரைச்சுக் குடிச்சிருக்கேன்" என்று ஒதுங்கியே இருந்தவர் அந்த டீச்சர். இப்போது மழை எப்படிப் பெய்கிறது என்ற பாடத்தைப் பிள்ளைகளை வைத்து நாடகமாகவே போட ஒப்புக்கொண்டிருந்தார். ஆனால் ஒவ்வொரு வரிக்கும் பெட்டியக்காவின் முகத்தைத்தான் பார்ப்பார். சரியா அக்கா? இப்படியா அக்கா?

அந்த நாடகத்தைப் பார்க்க, பள்ளிகளை ஆய்வு செய்யும் அதிகாரியான பெரிய மேடம் வருகிறார் என்று தகவல் வந்தது. பக்கத்துப் பள்ளிச் சுவரில் தொங்கிய படங்களைப் பார்த்து, "இது பெரியவங்க கை" என்று ஒரே வார்த்தை சொல்லி, அங்கே கலை வகுப்பையே நிறுத்திவிட்டுப் போனவர் அந்த அம்மா. இங்கேயும் பிடிக்காவிட்டால் பெட்டி வெளியே போய்விடும். டீச்சர் பழையபடி புத்தகத்துக்குள் புகுந்துகொள்வார், அப்புறம் ஏழு வருடம் ஆனாலும் வெளியே வரமாட்டார்.

நாடகத்தன்று பெட்டியக்கா மணி அடிக்க ஒரு மணி நேரம் முன்பே வந்துவிட்டாள். வகுப்பறையில் ஈ காக்கை இல்லை. அட்டையில் செய்த சூரியன், கடல், நாலு மேகம் எல்லாம் சுவரோரம் சாய்ந்திருந்தன. மூன்று மேகம் வெள்ளை வெளேரென்று இருந்தது. நாலாவது மட்டும் அடுப்புக்கரி மாதிரி கன்னங்கரேலென்று, அதுவும் திட்டுத் திட்டாக. ஐயோ, இதைப் பார்த்தால் மேடம் என்ன நினைப்பார்? சும்மா இருந்திருக்கலாம். இருந்தாளா? பெட்டியைத் திறந்தாள். மூடியில் எழுதியிருந்தது கண்ணுக்கு நேரேதான் இருந்தது. ஒரே ஒரு பூச்சு, யாருக்குத் தெரியப்போகிறது என்று வெள்ளையை எடுத்துப் பூசிவிட்டாள்.

நாடகம் தொடங்கியது. சூரியன் சுட்டது, கடல் கொதித்தது, பிள்ளைகள் ஆவியாக எழுந்து கைகளை ஆட்டினார்கள். மேளம் தட்டிய டீச்சரின் கண் வரிக்கு வரி பெட்டியக்காவிடம் ஓடியது. மூன்று மேகங்கள் வந்து நின்றன. நாலாவது வரவில்லை. முன்பல் விழுந்த ஒரு சிறுமி அட்டையைப் பிடித்தபடி சுவரோரமே நின்றாள்.

"வாடா கண்ணு, மழை வரணும்ல?" என்றார் டீச்சர்.

"இது என் மேகம் இல்ல டீச்சர்." உதடு பிதுங்கியது. "நான் கறுப்பா அடிச்சேன். கறுத்தாத்தான் மழை வரும்னு நீங்கதானே சொன்னீங்க? இதுல மழையே வராது."

 கடைசி வரிசையில் பெரிய மேடத்தின் பேனா நின்றது. "யாரு வெள்ளை அடிச்சது?" என்று கேட்டார்.

டீச்சர் முகம் வெளுத்துப்போனது. பழி அவர் தலையில் விழப்போகிறது என்பது பெட்டியக்காவுக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றாள்.

"நான்தான் மேடம். டீச்சருக்கு எதுவுமே தெரியாது. அசிங்கமா இருக்கேன்னு நான்தான் அடிச்சேன்."

சொன்னதும் நின்றாளா? பதற்றத்தில் கறுப்புச் சாயத்தையும் தூரிகையையும் எடுத்துக்கொண்டு சிறுமியிடம் ஓடினாள். "குடும்மா, அக்கா ஒரு நிமிஷத்துல சரி பண்ணிடறேன்."

"கையை எடுங்க அக்கா!"

மேளத்தைக் கீழே வைத்துவிட்டு டீச்சர் குறுக்கே வந்து நின்றார். பெட்டியக்காவின் விரல்களிலிருந்து தூரிகையை வாங்கிச் சிறுமியிடம் கொடுத்தார். "நீயே அடிம்மா. நாங்க காத்திருக்கோம். மேகம் கறுக்கக் கொஞ்ச நேரம் ஆகத்தான் செய்யும். அதுவரைக்கும் மத்தவங்க காத்தா வீசுங்க பார்க்கலாம்!"

வகுப்பே காற்றாக மாறிப் புத்தகத் தாள்களைப் பறக்கவிட்டது. இது எந்த ஒத்திகையிலும் இல்லாதது. அட்டையில் சாயம் காய்வதற்குள் மழை பெய்துவிட்டது. சிறுமியின் சட்டையெல்லாம் கறுப்பு. டீச்சர் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பெட்டியக்கா மட்டும் கடைசி வரை கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

வகுப்பு முடிந்ததும் பெரிய மேடம் அவளை வாசலுக்கு அழைத்தார். "பெட்டி இந்தப் பள்ளிக்கூடத்துலயே இருக்கட்டும். நீங்க திங்கட்கிழமையிலேர்ந்து வேற பள்ளிக்கூடத்துக்குப் போங்க. அங்க புதுப் பெட்டி குடுக்கச் சொல்றேன்."

"தண்டனையா மேடம்?"

"நீங்க செஞ்சது தப்புதான். ஆனா இது அதுக்காக இல்ல. அந்த டீச்சருக்கு இனிமே நீங்க தேவையில்லம்மா."

பெட்டியின் சாவியை டீச்சரிடம் கொடுத்தாள். டீச்சருக்கும் அழுகை, அவளுக்கும் அழுகை. தெருவில் இறங்கி நடந்தபோது, கனமான பெட்டி இல்லாத கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. நகக்கண்ணில் வெள்ளைச் சாயம் காய்ந்திருந்தது.