நாகஜோதி செய்த கால்தாங்கி

நாகஜோதிக்கு இரண்டு வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து, இடது கால் முழங்காலுக்குக் கீழே சூம்பிப்போனது. நாற்பத்தோரு வயது வரை இரும்புக் கம்பியும் தோல் வாரும் வைத்த காலிபர்தான் அவளைத் தூக்கி நிறுத்தியது. அதை இழுத்துக்கொண்டுதான் மேலூரிலிருந்து இரண்டு பஸ் மாறிப் பழங்காநத்தத்துக்கு வேலைக்கு வருவாள்.

வேலை, ராஜபாண்டியின் ஃபைபர் பட்டறையில். குளியலறைக் கதவு, தண்ணீர்த் தொட்டி, பஸ்ஸின் முன்முகப்பு எல்லாம் அங்கே செய்வார்கள். கண்ணாடி இழையை அச்சின்மேல் விரித்து, ரெசின் என்ற இறுகும் பசையைப் பிரஷ்ஷால் ஊட்டி, ரோலரால் காற்றுக் குமிழிகளை விரட்டுவாள். இழை மட்டும் இருந்தால் துணிபோலத் துவளும். ரெசின் மட்டும் என்றால் ஓங்கித் தட்டினால் உடையும். இரண்டும் ஒட்டி இறுகிவிட்டால் ஆள் ஏறி மிதிக்கலாம். பதினோரு வருஷம் இதையே செய்தவளுக்கு, ஒரு மழை நாளில் வழுக்கி விழுந்து காலிபர் கம்பி வளைந்த பிறகுதான் உறைத்தது.

“அண்ணே, தொட்டிக்கித் தாங்குறது என் காலுக்குத் தாங்காதா?”

“தாங்கும் தாயி. ஆனா நேரா கால்மேல ஊத்திறாத. இறுகுறப்ப சூடு ஏறும், வெந்துபோகும்” என்றார் ராஜபாண்டி.

காலுக்கு மாவுக்கட்டுப் போட்டுக் கழற்றி, அந்தக் கூட்டுக்குள் மாவை ஊற்றிக் காலைப்போலவே ஒரு அச்செடுத்தாள். அதன்மேல் இழைகளை முழங்காலிலிருந்து பாதம் வரை நெடுக்காகவே அடுக்கினாள். செய்து முடித்தபோது எடையே தெரியவில்லை. அதை மாட்டிக்கொண்டு மூன்று நாள் மிதந்தாள். நாலாம் நாள் யாரோ கூப்பிட்டார்கள் என்று சட்டெனத் திரும்ப, கணுக்காலில் ‘சடக்’கென்றது. தாங்கி நீளவாக்கில் பிளந்திருந்தது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு உடைசலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

“இழை ஒண்ணுகூட அறுந்துபோகலண்ணே. நடுவுல இருக்க ரெசின்தான் விட்டுப்போச்சு. நேரா நின்னா இழை தாங்குது. திரும்புனா முறுக்குதுல்ல, அதப் பிடிக்கக் குறுக்க ஒரு இழையும் இல்ல.”

மறுமுறை நெடுக்காக ஒரு அடுக்கு, இடப்பக்கம் சாய்த்து ஒன்று, வலப்பக்கம் சாய்த்து ஒன்று. கணுக்காலில் மட்டும் இரட்டிப்பு. மருத்துவமனையில் கால்கருவி அளவெடுக்கும் சத்யப்ரியாவிடம் கொண்டுபோனாள். தன்னைக் கேட்காமல் செய்ததற்கு அவர் திட்டினார். பிறகு குதிகாலின் சாய்வைத் திருத்திக்கொடுத்து, தாங்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

ஒன்றரை வருஷமாயிற்று, அது இன்னும் பிளக்கவில்லை. இப்போது சத்யப்ரியா அளவெடுத்து அனுப்புகிறவர்களுக்கு, சனிக்கிழமைகளில் பட்டறை மூலையில் நாகஜோதி தாங்கி செய்கிறாள். ஐந்தாவதாக வந்தவர் டி. கல்லுப்பட்டி ஒச்சம்மாள்.

“இம்புட்டு லேசா இருக்கே, நிக்குமா?”

“நின்னு பாருங்கக்கா.”

ஒச்சம்மாள் மேசையைப் பிடித்தபடி எழுந்தார். கையை எடுத்தார். நாலு எட்டு வைத்தவர், யாரும் சொல்லாமலே வாசல் வரை போய்விட்டார். நாகஜோதி அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பாதத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தாங்கியின் ஓரத்தில் ஒரு நூல் அளவு தேய்க்க வேண்டியிருந்தது.