தங்களுக்காம்

நான் ஒரு சொல்லை மாற்றிச் சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அதனால் ஒரு பெண் தன் வீட்டை இழந்தார்.

என்னை நீங்கள் கண்டிருக்கலாம். கனடாவின் ஸ்காபரோவில் வைத்தியசாலையிலோ நீதிமன்றத்திலோ உங்கள் தாயாருக்குப் பக்கத்தில் அமர்ந்து ஆங்கிலத்தைத் தமிழாக்கிச் சொன்னவன் நானாக இருக்கலாம். இருபது வருடமாக அதுதான் என் தொழில். "நீங்கள் இல்லாட்டி நாங்கள் என்ன செய்வம் அண்ணை" என்று என் கையைப் பிடித்தவர்கள் பலர். அதை நினைத்தால் இப்போது கூசுகிறது.

எங்கள் தொடர்மாடியில் மார்வா என்றொரு கறுப்பினப் பெண் இருந்தார். முதியோர் இல்லமொன்றில் துப்புரவு வேலை. வேலை முடிந்து வந்ததும் கதவு கதவாகத் தட்டிப் பேசுவார். இந்த நகரத்தைத் துடைத்து வைத்திருப்பவர்கள் இந்த நகரத்திலேயே பயமின்றிக் குடியிருக்க வேண்டும், நிறம் பார்த்து எவரையும் வீட்டிலிருந்து எழுப்பக்கூடாது... இதுதான் அவர் கனவு.

திருத்த வேலை என்று காரணம் காட்டி, வீட்டைக் காலி செய்யச் சொல்லும் கடிதங்கள் வந்தன. முதலில் வந்தது கறுப்பினக் குடும்பங்கள் இருந்த பக்கத்துக்குத்தான். மார்வா எல்லோரையும் ஒரு ஞாயிறு மத்தியானம் கீழ்மண்டபத்துக்கு அழைத்தார். கட்டடத்தில் பாதிப்பேர் தமிழர். எதிர்ப்பு மனுவில் நாங்களும் கையொப்பமிட்டால் நிர்வாகம் பின்வாங்கத்தான் வேண்டும்.

கூட்டத்துக்குச் சற்று முன் மார்வா, அங்கே தமிழாக்கிச் சொல்ல இருந்த என்னிடம் வந்தார். "நாங்கள் எல்லாரும்" என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு, உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். மைக்கைப் பிடித்ததும் அதைத்தான் முதலில் சொன்னார். 'ள்' கூடத் தெளிவாக வந்தது. சனம் கைதட்டியது.

பிறகு ஆங்கிலத்தில், "எங்களுக்கு நீதி வேண்டும்" என்றார். அப்போது கையை அகல விரித்து எங்கள் பக்கத்தையும் சேர்த்துக் காட்டினார். அதை நான் பார்த்தேன்.

பார்த்துவிட்டுத் தமிழில் சொன்னேன்: "தங்களுக்கு நீதி வேணுமாம்."

உங்களுக்கு இதை நான் விளக்கவா வேண்டும்? எங்களுக்கு... தங்களுக்கு. போதாததற்கு அந்த 'ஆம்'! "அவருக்கு வருத்தமாம்" என்று ஒருவரை நம்பாமல் தள்ளிவிடும்போது நாம் ஒட்டுகிற அதே 'ஆம்'.

முன்வரிசையில் இருந்த பரமேஸ் அக்கா கேட்டார். "தம்பி, உவ 'நாங்கள் எல்லாரும்' எண்டது ஆரை? எங்களையும் சேர்த்தோ?" எங்கள் பேச்சில் 'நாங்கள்' கேட்பவரைச் சேர்த்தும் வரும், விட்டும் வரும்.

"இல்லை அக்கா. தங்கட ஆக்களை."

பரமேஸ் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினார். பின்னால் மற்றவர்களும் எழும்பினார்கள். தமிழர் ஒருவரும் கையொப்பமிடவில்லை.

ஏன் செய்தேன்? பயம் என்று சொல்லி உங்களிடம் தப்பிவிடலாம். பயம் இல்லை. கூட்டத்துக்கு முதல்நாள் கட்டட முகாமையாளர் லிஃப்ற்றில் என் தோளில் தட்டி, "உங்கள் ஆட்கள் தொல்லை தராதவர்கள்" என்றார். அது எனக்கு இனித்தது... மார்வாவின் ஆட்களோடு சேர்த்து எண்ணப்பட எனக்கு விருப்பமில்லை. ஊரில், சிங்களத்தில் வந்த கடிதத்தை வாசிக்கத் தெரியாமல் அரசாங்கக் கந்தோர் வாசலில் நின்றவன் நான். அந்த நானா இப்படி? வேறு யார்... நானேதான்.

வசந்தம் தொடங்கியதும் மார்வா பெட்டிகளோடு லிஃப்ற்றுக்குக் காத்து நின்றார். என்னைக் கண்டதும் தயங்கியபடி கேட்டார்: "அன்றைக்கு உங்கள் மொழியை நான் பிழையாகச் சொல்லிவிட்டேனோ? அதுதான் உங்கள் சனம் கோபித்துக்கொண்டதோ?"

உண்மையைச் சொல்ல எனக்குக் கிடைத்த கடைசி இடம் அது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"கொஞ்சம் பிழைதான்" என்றேன்.

அவர் மன்னிப்புக் கேட்டார். என்னிடம்!

எங்கள் பக்கத்துக்கு அந்தக் கடிதம் இன்றுவரை வரவில்லை. புது ஹீற்றர் பூட்டித் தந்திருக்கிறார்கள், வீடு நல்ல சூடு. நானும் இன்னும் அதே தொழிலில்தான் இருக்கிறேன். அவர் எங்கே இருக்கிறார் என்று விசாரிக்கக்கூட எனக்குத் துணிவு வரவில்லை. எங்கோ ஓரிடத்தில், தன் நாக்கைத் தானே நொந்துகொண்டு, அந்த இரண்டு சொற்களை அவர் இன்னும் சொல்லிப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அவர் அன்று சரியாகத்தான் சொன்னார்.