எஞ்சினுக்கு நட்ட சிலுவை

நாயாற்றுக் கிறகோரிக்குக் கடல் பயமில்லை, புயல் பயமில்லை. தன் வள்ளத்து எஞ்சினை எவனாவது கொண்டுபோய்விடுவான் என்ற ஒரே பயம்தான். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. எஞ்சினும் எண்ணெயும் வன்னிக்குள் வரத் தடை. உள்ளே இருப்பதை எந்தப் பக்கத்தான் கண்டாலும் விடமாட்டான். ஆகவே மனுசன் அதைச் சாக்கில் சுற்றிக் கொட்டிலுக்குப் பின்னால் புதைத்து, மேலே ஒரு சிலுவையும் நட்டுவிட்டான். சவக்குழியை யார் தோண்டப் போகிறார்கள்!

மனைவி யூலிற்றா தலையில் அடித்துக்கொண்டாள்.

“ஆரப்பா செத்ததெண்டு கேட்டா என்ன சொல்லுறது?”

“என்ர சித்தப்பா எண்டு சொல்லு.”

செத்தவர்களுக்காகச் செபிக்கிற ஆத்துமாக்களின் திருநாளன்று அயலவர்கள் பூவோடு வந்துவிட்டார்கள். எஞ்சினுக்காக முழுச் செபமாலையும் சொல்லி முடித்தார்கள். கிறகோரி கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்தான். ஒரு சொட்டுக் கண்ணீர் வரவில்லை.

சண்டை ஓய்ந்திருந்த நாட்களில் ஒரு வெள்ளைக்காரப் பத்திரிகையாளர் வந்து சேர்ந்தார். சூழலைக் கெடுக்காத சுற்றுலா இடங்களைத் தேடி எழுதுகிறவராம். வன்னியில் சுற்றுலா! ஜாம் போத்தல் விளக்கையும், பெற்றோல் மணமே இல்லாத தெருவையும், துடுப்பு வள்ளத்தையும் கண்டு அந்த மனுசன் உருகிப்போனார்.

“வள்ளத்துக்கு ஏன் எஞ்சின் இல்லையெண்டு கேக்கிறார்,” என்றார் மொழிபெயர்க்க வந்த தில்லைநாதன்.

கிறகோரி சிலுவைப் பக்கம் திரும்பாமலே சொன்னான்: “எஞ்சின் சத்தத்துக்குக் கொக்கெல்லாம் பறந்திடும் ஐயா. எனக்கு உந்தச் சனியன் வேண்டாம்.”

அடேயப்பா, என்ன பொய்! அந்தப் பொய்க்கு வெளிநாட்டில் பெரிய விருது கிடைத்தது. கொக்குகளுக்காக எஞ்சினை வெறுத்த மீனவன் என்று கிறகோரியின் படம் சஞ்சிகை அட்டையில் வந்தது. விருது மட்டும் வெள்ளைக்காரருக்கு.

பிறகு ஒரு உதவி நிறுவனம் எப்படியோ அனுமதி எடுத்து, மீனவர்களுக்குச் சின்ன எஞ்சின்கள் கொண்டுவந்தது. துடுப்பு வலித்துத் தோள் விட்டுப்போய், வீட்டில் பகலும் இரவும் மரவள்ளிக் கிழங்கையே தின்றுகொண்டு கிடந்த கிறகோரி முதல் ஆளாய்ப் போய் நின்றான். அதிகாரி தவராசா சஞ்சிகையை எடுத்துக் காட்டினார்.

“உங்களுக்கு எஞ்சின் தந்து அவமானப்படுத்த மாட்டம் அண்ணை.”

“ஐயோ, அது பொய்! எஞ்சின் எண்டா எனக்கு உயிர்!”

தவராசா சிரித்தார். “பெரிய மனுசர் இப்பிடித்தான் கதைப்பினம்.”

“நம்பாட்டி வாங்கோ, காட்டுறன்!”

மண்வெட்டியோடு ஓடிச் சிலுவையைப் பிடுங்கினான். “சித்தப்பாவைக் கிண்டுறான்!” என்று அயல் முழுக்கக் குழறிக்கொண்டு ஓடிவந்தது. எஞ்சின் வெளியே வந்தது. கிறகோரி அதைக் கிளப்பக் கயிற்றை இழுத்தான். கயிறு கையோடு வந்துவிட்டது. உப்பு மண் உள்ளே எல்லாவற்றையும் தின்று முடித்திருந்தது.

தவராசா தொப்பியைக் கழற்றினார். “எஞ்சினை அடக்கம் பண்ணிச் சிலுவையும் நட்டிருக்கிறீங்கள்! இதை அந்த வெள்ளைக்காரர் கட்டாயம் எழுதோணும்,” என்று சொல்லிச் சொல்லிப் படம் எடுத்தார். வந்த எஞ்சின்கள் எல்லாம் மற்ற வீடுகளுக்குப் போயின.

அந்தப் படத்துக்கும் விருது கிடைத்ததாம்.

அடுத்த ஆத்துமாக்களின் திருநாளுக்கு அயலவர் ஒருவரும் வரவில்லை. மூடிய குழியில் சிலுவையைத் திரும்ப நட்டு, யூலிற்றா மெழுகுதிரி கொளுத்தினாள். தூரத்தில் மற்றவர்களின் எஞ்சின்கள் இரைந்துகொண்டு போயின; கொக்குகள் அசையாமல் நின்றன. கிறகோரி குந்தியிருந்து, தகப்பன் செத்தபோதுகூட அப்படி அழாதவன், வாய்விட்டு அழுதான்.