சுஹைலின் இன்னொரு சுற்று

அம்மானில், எங்கள் குன்றில், சுஹைலின் கை படாத குழாய் இல்லை. என் தங்கை ரபாபின் கணவன். தங்கமான மனுஷன், கைதான் பொல்லாதது. கையால் இறுக்கி, ரெஞ்சில் இரண்டு சுற்று கொடுத்தால் எந்த மரையும் பிடித்துக்கொள்ளும். அவனுக்கு அது போதாது. கழுத்து நரம்பு புடைக்க, "இன்னொரு சுற்று" என்பான். ஜனங்களும் அந்தப் புடைத்த நரம்பைப் பார்த்துத்தான் நம்பினார்கள். நான் குழாய்ச் சாமான் கடைக்காரன். அவன் இறுக்கிப் பிளந்தவை திரும்பி வருவது என்னிடம்தான்.

ஆகஸ்டில் ஒரு ஞாயிறு. மாடித் தொட்டிக்கு ஏறும் குழாயில், தன் வீட்டுப் படிக்கட்டிலேயே, குழாய் வளையும் இடத்தில் புதிய பித்தளை எல்போ மாட்டினான். ஒழுகாமலிருக்க மரையில் சணலைத் தலைப்பாகை கணக்காகச் சுற்றினான். இறுக்கினான். பிறகு இன்னொரு சுற்று. 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம்.

"கழட்டிரு மச்சான். வேற எல்போ தர்றேன்."

"மரை உக்கார்ற சத்தம்யா அது. தராசு பிடிக்கிற கைக்கு இதெல்லாம் எங்க தெரியப்போகுது?"

"பித்தளை விரிசல் விட்டிருக்குடா. சணல் ஊறி உப்புச்சுன்னா பிளந்துரும்."

"வியாழக்கிழமை தண்ணி வரும்ல, அப்ப வந்து பேசு. இப்ப காப்பி ஆறுது, வா."

ரபாப் காப்பி கொண்டுவந்தாள். எட்டாவது மாதம். இதற்கு முன் இரண்டு தங்கவில்லை. எங்கள் வழக்கத்தில், வந்தவன் காப்பியைத் தொடாமல் கீழே வைத்தால், அவன் கேட்டதைச் செய்தே ஆக வேண்டும். குடிக்காமல் போய்விட்டால் வீட்டுக்காரனுக்கு அதைவிட அவமானம் இல்லை. கொலைப் பகைக்குச் சமாதானம் கேட்டுக் கீழே வைக்கும் கப்பை, போயும் போயும் ஒரு எல்போவுக்கா வைப்பது என்று கூச்சப்பட்டேன். குடித்துவிட்டேன்.

வாரத்துக்கு ஒரு நாள்தான் தண்ணீர். வியாழன் காலை சுஹைல் போன் செய்தான். "கடைக்காரரே, தண்ணி வந்து ஒரு மணி நேரமாச்சு. ஒரு சொட்டு ஒழுகல!" நான் சிரிக்கவில்லை. சணல் ஊற ஒரு மணி நேரம் போதாது. தண்ணீர் வரும் நாள்தான் துணி துவைக்கும் நாள் என்பதும், மாடிக் கொடிக்கு அந்தப் படியில்தான் ஏற வேண்டும் என்பதும் நினைவுக்கு வந்தன. கடையைப் போட்டது போட்டபடி ஓடினேன்.

தெருவிலேயே தண்ணீர் என் காலை நனைத்தது. படியெல்லாம் அருவி. கீழ்ப்படியில் ஈரத்துணிகளுக்கு நடுவே ரபாப் கிடந்தாள். சுஹைல் பிளந்த எல்போவை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு அலறினான்.

ரபாப் பிழைத்தாள். குழந்தை பிழைக்கவில்லை.

பத்து நாள் கழித்து சுஹைல் என் வீட்டுக்கு வந்தான். கொடுத்த கப்பைத் தொடாமல் தரையில் வைத்தான்.

"என்ன வேணும், சொல்லு மச்சான்."

"ஒண்ணே ஒண்ணு சொல்லு, போதும். அன்னைக்கு நீ ஏன் கப்பைக் கீழ வைக்கல?"

கூச்சப்பட்டேன் என்று சொல்வதற்குப் பதில், கப்பை அவன் பக்கம் நகர்த்தினேன். அவன் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போனான்.