மூன்று முறை வைத்த விரல்

என் பைபிளுக்கு ஸிப் வைத்த கறுப்பு உறை ஒன்று இருந்தது. கொட்டாஞ்சேனையில் எங்கள் வீட்டில் அந்த ஸிப்பைத் திறக்காமல் எந்த முடிவும் எடுத்ததில்லை. கண்ணை மூடி, ஒரு செபம் சொல்லி, பக்கத்தைப் பிரித்து ஆள்காட்டி விரலை வைக்க வேண்டும். விரல் பட்ட வசனம்தான் ஆண்டவரின் பதில். என்னை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பது என்று அம்மா இப்படித்தான் கேட்டார். எனக்குப் பெண் பார்த்தபோதும் கேட்டோம். விரல் நேரே ஒரு யுத்தத்தில் போய் விழுந்தது. அதைக் கவனிக்காதது போலக் கல்யாணம் செய்துகொண்டேன். இதை மனைவியும் வாசிப்பார் என்பதால் இத்தோடு நிறுத்துகிறேன்.

நான் சொல்ல வந்தது எங்கள் தேத்தண்ணி அக்காவைப் பற்றி. ஒருகொடவத்தையில் ஒரு கன்டெய்னர் யார்டில் நான் கிளார்க். எங்கள் ஒபிஸே ஒரு பழைய கன்டெய்னர்தான். பக்கவாட்டில் வெட்டி ஒரு கதவும் சின்ன ஜன்னலும் வைத்திருந்தார்கள். முகத்துவாரத்திலிருந்து தினமும் வந்து எங்களுக்குத் தேத்தண்ணி போடுகிற அக்கா என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கழுத்தில் அந்தோனியார் பதக்கம் தொங்கும். ஆனால் அவர் நின்று நிதானமாக ஒரு செபம் சொல்லி நான் கேட்டதில்லை. கேத்தலைத் தூக்கும்போது “யேசுவே” என்பார், இறக்கும்போது “அப்பா” என்பார், அவ்வளவுதான்.

“அக்கா, இது செபமா, மூட்டுவலியா?” என்று கேட்பேன்.

“ரெண்டும் ஒண்டுதான் தம்பி. உங்களுக்குத்தான் ஆண்டவரோட கதைக்கப் புத்தகமும் ஸிப்பும் வேணும்.”

நாட்டில் டீசல் இல்லாத காலம் அது. எண்ணெய் ஷெட்டுக்கான லொறி வரிசை எங்கள் கேட்டையும் தாண்டி நீண்டு, மூன்று நாளாக அசையாமல் நின்றது. லொறிக்குள்ளேயே தூங்கி, தெருவிலேயே பல் தீட்டிய மனிதர்கள். யார்டுக்குள் டீசல் ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். மூன்றாம் நாள் காலை பதினொரு மணிக்கு எங்கள் சாரதி ஒருவன் மஞ்சள் பிளாஸ்டிக் கான் ஒன்றைத் தூக்கிக்கொண்டு முற்றத்தைக் கடந்தான். சாதுவான சிங்களப் பொடியன், முப்பது வயதிருக்கும். கானில் இருந்தது அவனுடைய லொறி ரேடியேட்டருக்கு ஊற்றத் தண்ணீர். கேட்டுக்கு வெளியே நின்றவர்களின் கண்ணுக்கு அது டீசலாகத் தெரிந்தது.

கேட் பிடுங்கிக்கொண்டு விழுந்தது. காவலாளி சுவர் ஏறிக் குதித்த வேகத்தைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. கன்டெய்னரை இறுக்கிக் கட்டுகிற இரும்புக் கம்பிகள் முற்றமெங்கும் கிடந்தன. ஆளுக்கொன்று எடுத்துக்கொண்டார்கள். முதல் அடி அவன் முதுகில் விழுந்தது. அரிசி மூட்டையை நிலத்தில் போட்டாற்போன்ற சத்தம். இரண்டாவது அடி வாயில். ஜன்னல் வழியாக அதுவரைதான் பார்த்தேன். அதற்குள் என் கை கதவின் கொண்டியைப் போட்டுவிட்டது. மனேஜர் தன் காருக்குப் பெற்றோல் எடுக்க வேறொரு வரிசையில் நின்றார். ஒபிஸுக்குள் நானும் அக்காவும்தான்.

பிறகு கதவு தட்டப்பட்டது. “அய்யே! தொர அரின்ன, அய்யே!” அண்ணா, கதவைத் திற என்று அவன் கத்துகிறான். வாய் உடைந்திருந்ததால் ‘அய்யே’ மட்டும் தெளிவாகக் கேட்டது. கூடவே கம்பிகள் தகரச் சுவரில் விழுந்தன. உள்ளே இருந்த எங்களுக்குக் கோயில் மணிக்குள் தலையை விட்டது போல இருந்தது.

ஒரு கிறிஸ்தவன் இந்த நேரத்தில் என்ன செய்ய வேண்டும்? நான் மேசை லாச்சியைத் திறந்து, வேலைக்கும் கூடவே கொண்டுவருகிற பைபிளை எடுத்தேன். அவசரத்தில் ஸிப் பாதியில் சிக்கிக்கொண்டது. வெளியே ஒரு மனிதனை அடித்துக் கொல்கிறார்கள், நான் ஸிப்போடு மல்லுக்கட்டுகிறேன். ஒருவழியாகத் திறந்து, ஆண்டவரே, கதவைத் திறக்கவா வேண்டாமா என்று கேட்டு விரலை வைத்தேன். ஆசரிப்புக் கூடாரத்தின் திரைச்சீலைக்கு எத்தனை முழம் என்று பதில் வந்தது. மறுபடி வைத்தேன். யாரோ யாரையோ பெற்றான், அவன் இன்னொருவனைப் பெற்றான். மூன்றாவது முறை பைபிள் தானாகவே ஒரு சங்கீதத்தில் திறந்தது. ஆண்டவர் ஆபத்து நாளில் என்னை மறைத்து வைப்பார் என்று அதில் இருந்தது. எவ்வளவு நிம்மதி! மறைந்திரு என்று சொல்லிவிட்டார். பயம் வரும்போதெல்லாம் நான் வாசிக்கிற பக்கம் அது, அதனால் பைபிளின் முதுகு அந்த இடத்தில் முறிந்தே போயிருந்தது என்பதை அப்போது வசதியாக மறந்துவிட்டேன்.

“தம்பி, வெளியில ஆள் சாகுது.”

“கேட்டுட்டன் அக்கா. ஆண்டவர் உள்ளுக்கு இருக்கச் சொல்றார்.”

அக்கா என்னை ஒரு தரம் பார்த்தார். நெற்றியில் சிலுவை போட்டார். போய்க் கொண்டியைத் தூக்கினார்.

கதவு ஓரடி திறந்தது. அக்கா அந்தப் பொடியனைச் சேர்ட்டு கொலரில் பிடித்து உள்ளே இழுத்தார். அவன் பின்னாலேயே ஒரு கம்பி உள்ளே வந்து அக்காவின் இடது கையில் இறங்கியது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம் கேட்டது. அவர் “யேசுவே” என்றார், முதுகைக் கொடுத்துக் கதவைத் தள்ளினார், “கொண்டியப் போடுங்க!” என்று அலறினார். போட்டேன். அன்று எனக்கு ஒழுங்காகச் செய்ய வந்த ஒரே வேலை அதுதான்.

இருபது நிமிடம் அவர்கள் ஒபிஸைச் சுற்றி அடித்தார்கள். ஜன்னல் கண்ணாடி முழுக்க எங்கள் மேல் கொட்டியது. பொடியனின் தலையிலிருந்து வழிந்த இரத்தம் என் நாற்காலிக்கடியில் வந்து தேங்கியது. நான் மேசைக்கடியில் இருந்தபடியால் அதை மிக அருகில் பார்க்க முடிந்தது. அக்கா முறிந்த கையை மடியில் வைத்துக்கொண்டு, மற்றக் கையால் தன் சேலைத் தலைப்பை அவன் தலையில் அழுத்திப் பிடித்திருந்தார். பிறகு ஆமி வந்து வானத்தை நோக்கிச் சுட்டது. கூட்டம் ஓடியது. மூன்று நாள் கழித்து என் கோப்புகளுக்கிடையில் ஒரு பல் கிடைத்தது. பொடியன் பிழைத்துவிட்டான். இன்னும் ஓரடி விழுந்திருந்தால் முடிந்திருக்கும் என்று டொக்டர் சொன்னாராம்.

அதன்பின் நான் செய்ததுதான் பெரிய வீரம். “நாங்கள் கதவைத் திறந்தோம்” என்று எல்லாரிடமும் சொன்னேன். மனேஜரிடம் சொன்னேன், மனைவியிடம் சொன்னேன், செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோயிலில் சாட்சியாகவும் சொன்னேன். ஆட்கள் அழுதார்கள். அக்கா ஒருநாளும் மறுத்துப் பேசவில்லை. கை சரியாகப் பொருந்தாமல், வேலையை விட்டு இரத்மலானையில் மகளோடு போய் இருந்தார்.

போன மாதம் அங்கே போனேன். ஆண்டவர் எனக்கு எதுவும் சொல்லவில்லை, பயத்தில்தான் ஒளிந்தேன் என்ற உண்மையை அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்று பஸ்ஸில் நாலு தரம் ஒத்திகை பார்த்திருந்தேன். சொல்லி முடித்தேன். பக்கத்து விமான நிலையத்து விமானம் ஒன்று தலைக்கு மேல் போய் முடியும்வரை அக்கா காத்திருந்தார்.

“தெரியும்தானே தம்பி. நானும் அங்கதானே இருந்தனான்.”

“உங்களுக்குப் பயமே இல்லையா அக்கா?”

“பயமில்லாமலா? கால் அசையேல்ல. நானும் ஆண்டவரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தனான், வேற ஆரையாவது அனுப்பு, அனுப்பு எண்டு. உள்ளுக்கு இருந்த ஒரே ஆம்பிள நீங்கதானே. நீங்க எழும்புவீங்களெண்டு பாத்தனான். நீங்க புத்தகத்த வச்சுக்கொண்டு என்னட்ட ஒரு பதில் சொன்னீங்க பாருங்க...” அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அப்பதான் விளங்கிச்சு. வேற ஆரும் வரப்போறேல்ல. நான்தான் போகவேணுமெண்டு.”

இத்தனை வருடம் நான் ஆண்டவரிடம் அடையாளம் கேட்டிருக்கிறேன். அவர் என்னையே ஒருவருக்கு அடையாளமாகக் காட்டியது அந்த ஒருநாள்தான். நானும் சத்தமாகச் சிரித்தேன். அக்கா சிரித்து முடித்து, வளைந்த கையால் பதக்கத்தைச் சரிசெய்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பை நிறுத்தத் தெரியவில்லை.