பசை எடுக்கும் கோதண்டபாணி

பிள்ளையார்பாளையத்தில் கோதண்டபாணிக்கு யாரைக் கண்டாலும் இளக்காரம். பட்டு நூலைக் கொதிக்க வைத்துப் பசை எடுப்பது அவர் தொழில். சோப்பும் சோடாவும் கரைத்த கொப்பரையில் நூலை முக்கி, விரலால் நீவிப் பார்த்தே பதம் சொல்வார். இந்த ஒரு வித்தை கைவந்ததால் மற்றவர் யாருக்கும் எதுவும் தெரியாது என்று முடிவு கட்டிவிட்டார். நெய்கிறவன் காலாட்டுகிறவன், டாக்டர் பேனா பிடிக்கிறவன், அவ்வளவுதான்.

1968இல் அவர் மனைவி லோகாம்பாளின் நெஞ்சில் சளி கெட்டிப்பட்டது. இருமினாலும் வரவில்லை, படுத்தால் மூச்சு முட்டியது. டாக்டர் சென்னைக்கு எழுதி வரவழைத்தது மூன்றே குப்பி மருந்து. சளியின் பிசினை அறுக்கும் புரதப் பொடி. அதை ஆறிய உப்புநீரில் கரைத்துக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி ரப்பர் பந்தை அமுக்கினால் புகைபோல வரும். அந்தப் புகையை வாயால் இழுக்க வேண்டும். இதை நர்ஸ் மேரி இரண்டு முறை சொன்னாள். கூலிக்காரர் வீட்டுப் பெண் தனக்குப் பாடம் சொல்வதா என்று அவர் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறின தண்ணீரில் எந்தப் பசை விட்டிருக்கிறது? வீட்டுக்கு வந்து, கரைத்த மருந்தை அடுப்பிலேற்றித் தளதளவென்று கொதிக்கவிட்டார். ஆறவைத்துக் கொடுத்ததை லோகாம்பாள் இழுத்தாள். ஒன்றும் ஆகவில்லை. மறுநாள் இரண்டாவது குப்பியை இன்னும் நேரம் கொதிக்கவிட்டார். அவளுக்கு உதடு நீலம் பாரித்தது. ரிக்‌ஷாவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடி, மருந்து போலி என்று சத்தம் போட்டார்.

எப்படிக் கரைத்தீர்கள் என்று மேரி கேட்டாள். பெருமையாகவே சொன்னார்.

“வெந்த முட்டைய அடைக்கு வெச்சா குஞ்சு வருமா பெரியவரே? இதுவும் அப்படித்தான். கொதிச்சா செத்துப்பூடும்.”

“நாப்பது வருசமா பசை எடுத்துக்கினு இருக்கேன், எனக்கே சொல்றியாம்மா?”

“பட்டுக்கு எடுங்க. இன்னும் ஒரு குப்பிதான் இருக்குது.”

கோதண்டபாணி மனைவியைப் பார்த்தார். கல்யாணமான நாள் முதல் அவர் பேச்சை அவள் தட்டியதில்லை. லோகாம்பாள் மேரியின் கையைப் பிடித்தாள்.

“நீயே குடும்மா.”

மேரி கடைசிக் குப்பியை ஆறிய உப்புநீரில் கரைத்துப் பந்தை அமுக்கினாள். அரைமணி கழித்துக் கயிறு கயிறாகச் சளி வந்து விழுந்தது.

கோதண்டபாணி பக்கத்துக் கட்டில்காரரிடம் விளக்கிக்கொண்டிருந்தார்: முதல் இரண்டு குப்பியிலும் தான் இளக்கி வைத்ததால்தான் இப்போது வருகிறதாம். அதற்குப் பதில் சொல்ல லோகாம்பாளுக்கு இப்போது மூச்சு இருந்தது. அதை அவருக்காகச் செலவழிக்க அவளுக்கு மனமில்லை.