எடித் பதிச்ச தரை

மேசன் என்ர மனிசி எடித். சீமெந்து குழைக்கிற கூலியாள் நான். சிரிக்கிற ஆக்கள் சிரிச்சிட்டுப் போங்கோ! சண்டை முடிஞ்சு வீட்டுத்திட்டம் வந்த நேரம், மேசன் பயிற்சிக்குப் பெயர் குடுத்து, இருபது ஆம்பிளையளுக்க ஒருத்தியாய் நிண்டு படிச்சவ. அவ பதிச்ச தரையில கண்ணாடிப் போளையை வைச்சாலும் உருளாது.

போன வருஷம் மன்னார் ரவுனில சனூன் நானா தன்ர மீன்வலைக் கடையைத் திருத்தினார். கொழும்பால வந்த ஒரு டிசைன் தம்பி படம் கீறிக் குடுத்தவன். முகம் தெரியிற வெள்ளை மாபிள், கண்ணாடி மேசை, மெத்தைக் கதிரை. எடித் படத்தைப் பாத்திட்டு, "நானா, இது நகைக்கடைக்குச் சரி. வலை வாங்க வாற சனம் இதில கால் வைக்காது" எண்டா.

"நீங்கள் பதியுங்கோ தங்கச்சி, மிச்சத்தை நான் பாக்கிறன்" எண்டார் பெரிய மனிசன். பதிச்சா. குறை சொல்ல ஏலாத வேலை.

பிறகு நடந்ததைக் கேளுங்கோ. ஓலைத்தொடுவாய்க் கரையிலயிருந்து வாற மீன்பிடி ஆக்கள் வாசலில செருப்பைக் கழட்டுவினம். தங்கட சேத்துக் காலைப் பாப்பினம், தரையைப் பாப்பினம். கோயில் பீடத்துக்கு முன்னால நிக்கிற மாதிரிக் கூச்சப்பட்டு, படியில நிண்டே "நங்கூரக் கயிறு இருக்கோ?" எண்டு கத்துவினம். ரெண்டு கிழமையால கத்தவும் ஆளில்லை. எல்லாரும் பஸ் நிலையத்தடிக் கடைக்குப் போயிட்டினம்.

நானா ஆரில பழியைப் போட்டார் தெரியுமோ? "எடித்தின்ர கை இராசியில்லை" எண்டு ஊரெல்லாம் சொல்லிப்போட்டார்! கிளினிக் ஒண்டும் சாப்பாட்டுக்கடை ஒண்டும் அவவுக்குத் தாறதெண்ட வேலையை வேற ஆளுக்குக் குடுத்திட்டினம். எனக்கு வந்த விசருக்கு, நாலு கிழி கிழிக்க வெளிக்கிட்டன். எடித் என்னை மறிச்சுப்போட்டு, தானே போனா.

"நானா, வாசலிலயிருந்து மேசைமட்டும் கிண்டித் திருப்பிப் போட்டுத் தாறன். அதுக்குப் பிறகும் சனம் உள்ள வராட்டி, இனி நான் மேசன் வேலைக்குச் சாந்தகப்பை தூக்கமாட்டன்."

சொன்னா சொன்னதுதான், அவவின்ர குணம் எனக்குத் தெரியும்.

நானா அரைமனசோட ஓமெண்ட உடனே மாபிளைக் கிண்டி எடுத்தம். மணலைக் கழுவி நான் குழைக்க, அவ சாம்பல் நிறச் சீமெந்துத் தரை போட்டு, ஈரத்திலயே கீறிச் சொரசொரப்பாக்கினா. வழுக்காது, சேறு பட்டாலும் தெரியாது. மெத்தைக் கதிரையளுக்குப் பதிலாய்ச் சுவரோட நீட்டுக்கு ஒரு சீமெந்து வாங்கு. உடையாமல் வந்த வெள்ளை மாபிளை மேசைக்குப் பின்சுவரில பதிக்க, கடை வெளிச்சமாய்த்தான் இருந்தது. நானாவின்ர முகம்தான் கறுத்துக் கிடந்தது.

திறந்த அண்டு காலமை நாங்கள் றோட்டுக்கு இஞ்சால நிண்டம். எடித் தேத்தண்ணிகூடக் குடிக்கேல்லை. முதல் வந்தது வள்ளம் வைச்சிருக்கிற சம்மாட்டி அருட்பிரகாசம் அண்ணை, முழங்கால்மட்டும் ஈரம். படியில ஏறி ஒருக்கா நிண்டார். எடித் என்ர கையை நசுக்கிப் பிடிச்சா. மனிசன் செருப்பைக் கழட்டேல்லை. ஆரோடயோ ஃபோனில கதைச்சுக்கொண்டு நேர உள்ள போய் வாங்கில குந்தினார். தரையைக் குனிஞ்சும் பாக்கேல்லை! பின்னால இன்னும் அஞ்சாறு பேர்.

பத்து மணிபோல நானா எங்களைத் தேடி வந்தார். "தங்கச்சி, நான் சொன்னது பிழை. சொன்ன இடமெல்லாம் போய் மாத்திச் சொல்லுறன்" எண்டார். எடித்துக்குக் கண் கலங்கிப் போச்சுது.

"உள்ள வாங்கோ, தேத்தண்ணி குடிப்பம். பொறுங்கோ, ஒரே மண்ணாய்க் கிடக்கு, கூட்டச் சொல்லுறன்" எண்டு திரும்பினார்.

"கூட்டாதேங்கோ நானா" எண்டன். "முதல் என்ர மனிசி அந்த மண்ணை வடிவாப் பாக்கட்டும்."